மாத்திரை நாள், சட்டி நாள்

மூணாவது குப்பி எதற்கு எடுத்தாள் அந்த மிஸ்ஸி? காலையிலிருந்து லீலாவின் மண்டைக்குள் இந்த ஒரே கேள்விதான் ஈ மாதிரி, விரட்டினால் எழுந்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடி அதே இடத்தில் வந்து உட்கார்ந்தது. எப்போதும் ரெண்டு குப்பி ரத்தம்தான் எடுப்பார்கள். மகளுக்கு ஊசி என்றால் பயமே விட்டுப்போய் வெகு நாளாகிறது, கையை நீட்டிவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "மா, கேண்டீன்ல உப்பில்லாத நூடல்ஸ் இருக்குமா?" என்று கேட்பாள், அதற்குள் ரெண்டும் நிரம்பிவிடும். போன தடவை மூணு எடுத்தார்கள். இன்றைக்கும் மூணு. "இது எதுக்கு மிஸ்ஸி?" என்று லீலா கேட்டதற்கு, "டாக்டர் எழுதியிருக்காங்க" என்று நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொல்லிவிட்டுக் குப்பியைக் குலுக்கினாள் அந்த நர்ஸ் பெண். டாக்டர் எழுதியிருக்கிறார் என்றால் டாக்டருக்கு என்னமோ சந்தேகம் வந்திருக்கிறது. சந்தேகம் வந்தால் ரத்தத்தில் தேடுவார்கள். தேடினால் கிடைக்காமலா போகும்? வாய் பொய் சொல்லும், தலை பொய்யாக ஆடும், ரத்தம் பொய் சொல்லுமா? ஆறு மாசமாகச் சமையல்கட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு அவள் காய்ச்சின கறுப்புத் தண்ணீர் முழுக்க அந்தச் சின்னக் குப்பிக்குள் மிதந்துகொண்டிருக்கும். மேலே கொண்டுபோய் மெஷினில் வைத்தால் மணி அடித்து, இந்தப் பிள்ளையின் அம்மா பொய்க்காரி என்று சீட்டு வரும். வரட்டுமே! பொய்க்காரி என்று வந்தால் வந்துவிட்டுப் போகட்டும், கிட்னி கெட்டுவிட்டது என்று மட்டும் வரக்கூடாது. மடியில் தலை வைத்து பெஞ்சில் நீட்டிப் படுத்திருந்த லோகிதாவின் கணுக்காலுக்கு மேலே பெருவிரலை வைத்து அழுத்திப் பார்த்தாள். வீக்கம் இருந்தால் மாவில் அழுத்தின மாதிரி குழி விழும். விழவில்லை. வீட்டில் அழுத்தியபோதும் விழவில்லை, காரிலும் விழவில்லை. இன்னொரு தடவை அழுத்தினாள். "மா, கூசுது" என்று காலை இழுத்துக்கொண்டாள் பிள்ளை.

லோகிதாவுக்கு ஏழு வயது. பாலர் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு நாள் இமை ரெண்டும் வீங்கி எழுந்தாள். கொசு கடித்திருக்கும் என்று தைலத்தைத் தடவி லீலாவே பள்ளி வண்டியில் ஏற்றி அனுப்பினாள். அதை நினைத்தால் இப்போதும் தலையில் நாலு போட்டுக்கொள்ளலாம் போலிருக்கும். அப்புறம் கால் வீங்கியது, வயிறு வீங்கியது, மூத்திரம் சோப்புத் தண்ணீர் மாதிரி நுரைத்தது. கிட்னி ஒரு சல்லடை, உங்க பிள்ளையோட சல்லடையில ஓட்டை பெரிசாயிடுச்சு, உடம்புல நிக்க வேண்டிய சத்து ஒழுகிப் போகுது என்று டாக்டர் யாப் படம் போட்டுக் காட்டினார். டாக்டர் யாப் ஒல்லியான சீனப் பெண்மணி. பெரியவர்களிடம் மலாயில் பேசுவார், தமிழ்ப் பிள்ளைகளிடம் கேட்பதற்கென்று "சாப்டியா? வலி இருக்கா?" என்ற அளவுக்குத் தமிழ் வைத்திருப்பார். வெள்ளை மாத்திரை கொடுத்தார். வீக்கம் வடிந்தது; ஆனால் பிள்ளைக்குக் கன்னம் உப்பி முகம் வட்டமானது, பசி பேய்ப் பசியானது, கோபம் மூக்குக்கு மேலே நின்றது. மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று ஆக்கினார்கள். ஒரு சளி பிடித்தது, திரும்ப வீங்கினாள். திரும்ப மாத்திரை, திரும்ப வடிந்தது, திரும்ப ஒரு சளி. போன வருஷக் கடைசியில், "இன்னொரு தடவை வந்தா இந்த மாத்திரை போதாது. ஊசி குத்திக் கிட்னியிலிருந்து ஒரு துணுக்கு எடுத்துப் பார்க்கணும். அப்புறம் வேற மருந்து, கொஞ்சம் கடுமையானது" என்றார் டாக்டர். அவர் நல்லவிதமாகத்தான் சொன்னார். லீலாவின் காதில் துணுக்கு என்ற சொல் மட்டும் விழுந்து அங்கேயே கிடந்தது. ஆட்டு ஈரல், ஆட்டுக் கிட்னி என்று கறிக்கடைக்காரர் தட்டில் வைத்து வெட்டுவதெல்லாம் கண்ணில் வந்தது. அன்றையிலிருந்து கறிக்கடைப் பக்கம் அவள் போவதில்லை.

குணாளன் இன்னும் வரவில்லை. வரக்கூடாது என்றுதான் லீலா வேண்டிக்கொண்டிருந்தாள். கட்டின புருஷன் வந்துவிடக் கூடாது என்று ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து வேண்டிக்கொள்கிற பொம்பளை இந்த ஈப்போ டவுனிலேயே தான் ஒருத்தியாகத்தான் இருக்கும். அவர்களை வாசலில் இறக்கிவிட்டுக் கார் நிறுத்த இடம் தேடிப் போயிருக்கிறான். ஆஸ்பத்திரிக்கு வந்தால் மருந்து கிடைக்கும், மாத்திரை கிடைக்கும், காருக்கு இடம் மட்டும் கிடைக்காது. சுற்றட்டும், நன்றாகச் சுற்றட்டும். அதற்குள் சுவரில் நம்பர் வந்துவிட்டால், உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு டாக்டரிடம் சொல்லிவிடலாம். என்னவென்று சொல்வது? மலாயில் ஒத்திகை பார்த்தாள். சீன மருந்து கொடுத்தேன், அது சுலபம். ஆறு மாசமாக, அதுவும் சுலபம். நீங்கள் கேட்டபோதெல்லாம் இல்லை என்று சொன்னேன் என்பதுதான் எந்த மொழியிலும் வாய்க்கு வர மாட்டேன் என்கிறது. ஒவ்வொரு தடவையும் அந்த அம்மாள் கேட்டார். "வேற ஏதும் கொடுக்கிறீங்களா? நாட்டு மருந்து, மலாய் மருந்து, சீன மருந்து?" ஒவ்வொரு தடவையும் லீலா கண்ணை விரித்துத் தலையை ஆட்டினாள், ஏதோ கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்ட மாதிரி. டாக்டருக்குச் சொல்லிவிடலாம், திட்டுவார், வாங்கிக்கொள்ளலாம். குணாளன் முன்னால் சொல்ல முடியாது. அவனுடைய தங்கச்சிக்குச் சின்ன வயதில் மஞ்சள் காமாலை வந்து, பச்சிலை அரைத்துக் கொடுத்தார்கள், இறங்கிவிடும் இறங்கிவிடும் என்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போன அன்றைக்கே போய்விட்டாள். தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறவன், அதிகம் பேசாதவன், ஆனால் யாராவது வேர், இலை, சூரணம் என்று ஆரம்பித்தால் எழுந்து வெளியே போய்விடுவான். "என் பிள்ளைக்கு ஆஸ்பத்திரி மருந்துதான்" என்று ஒரே ஒரு தடவை சொன்னான். அந்த ஒரு தடவையே போதுமாக இருந்தது. அப்படிப்பட்ட மனுஷன் வீட்டில், அவன் பிள்ளைக்கு, அவன் சம்பளத்தில் வாங்கின கேஸ் அடுப்பிலேயே வைத்துக் காய்ச்சியிருக்கிறாள். கெட்டிக்காரிதான்.

பக்கத்து வீட்டு மேய்ஃபோங் ஆண்ட்டியைக் குற்றம் சொல்ல முடியாது. துணுக்கு என்று கேட்டுவிட்டு வந்த அன்று சாயந்தரம் வேலியோரம் நின்று லீலா அழுதாள், ஆண்ட்டி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார், கிளிப்பைப் பல்லில் கடித்தபடி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "என் அண்ணன் மகனுக்கும் இப்படித்தான். பழைய டவுன்ல ஒரு சின்சே இருக்கார், நாளைக்கே வா" என்றார். சீன வைத்தியர்களைச் சின்சே என்பார்கள். லீலா போனது முப்பாட்டன் காலத்துக் கிழவரைப் பார்க்கப்போகிற நினைப்பில். அங்கே இருந்தவரோ இஸ்திரி போட்ட சட்டையும் பேனாவுமாகத் அரசாங்க ஆபீஸ் குமாஸ்தா மாதிரி இருந்தார். லோகிதாவின் மணிக்கட்டில் மூன்று விரலை வைத்துக் கண்ணை மூடினார். நாக்கை நீட்டச் சொன்னார். "இங்கிலீஷ் மருந்து சாப்பிடுதா?" என்று கேட்டார். ஆமாம் என்றால் இவர் தொட மாட்டாரோ என்று பயந்து, "நிறுத்தியாச்சு" என்றாள் லீலா. அங்கே ஒரு பொய், இங்கே ஒரு பொய், வீட்டில் புருஷனுக்கு ஒரு பொய். பொய்யில்லாமல் பேசுவதற்கு ஆண்ட்டி ஒருத்தர்தான் மிச்சம். மாத்திரையை அவள் நிறுத்தவில்லை, சத்தியமாக நிறுத்தவில்லை, ஒரு வேளைகூட விட்டதில்லை. ஆனால் ரெண்டு மருந்தும் வயிற்றில் சந்தித்துச் சண்டை போடுமே. ஒரு உறையில் ரெண்டு கத்தி இருக்குமா? கடவுளாகப் பார்த்து வழி விட்ட மாதிரி மாத்திரை ஒரு நாள் விட்டு ஒரு நாள்தானே. மாத்திரை நாளில் மாத்திரை, நடுவில் சும்மா கிடக்கிற நாளில் சட்டி. நாள்காட்டியில் மாத்திரை நாளுக்கு ஒரு பொட்டு வைப்பாள், சட்டி நாளுக்குப் பொட்டு இல்லை, அவ்வளவுதான் கணக்கு. ஆண்ட்டி கொடுத்த கைப்பிடி வைத்த மண்சட்டியில் வேரும் பட்டையும் கொதிக்கும். நனைந்த சாக்கும் பழைய மரப்பெட்டியும் சேர்ந்த மாதிரி ஒரு வாசம் கிளம்பி வீட்டையே தூக்கும். அதை அடக்கச் சாம்பிராணி போட்டாள். ஒரு நாள் வேலை முடிந்து வந்த குணாளன் வாசலிலேயே நின்று, "என்னா லீலா, நம்ம வீட்டுல மட்டும் வாரம் பூரா வெள்ளிக்கிழமையா?" என்று கேட்டான். பிள்ளைக்காக வேண்டுதல் என்றாள். வேண்டுதலுக்கும் பொய். குடித்து முடித்ததும் சட்டியில் மிஞ்சும் திப்பியைக் குப்பையில் போடக் கூடாது, வாசலுக்கு எதிரே ரோட்டில் கொட்ட வேண்டும், போகிற வருகிற ஆளும் வண்டியும் மிதிக்க மிதிக்க நோய் அதோடு போய்விடும் என்றார் ஆண்ட்டி. லீலாவுக்கு அதை ரெண்டாந்தரம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சுற்றிப்போட்டு முச்சந்தியில் எறிகிறவள்தானே. எல்லாரும் உள்ளே போன பிறகு கொண்டுபோய்க் கொட்டுவாள், மறுநாள் பார்த்தால் டயர் ஏறி நசுங்கி, சில நாள் அதுவும் இல்லாமல் துடைத்த மாதிரி இருக்கும். போச்சு, ஒழிஞ்சது, போ என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வாள்.

அதெல்லாம் சரிதான், அதிமதுரம் போட்டாயே, அதற்கு என்ன சொல்லப் போகிறாய்? முதல் வாரம் கசப்பு தாங்காமல் லோகிதா துப்பினாள், சுவரெல்லாம் கறுப்பு. குடித்தால் வட்டவட்டமாகச் சிவப்புச் சீன மிட்டாய் தருகிறேன் என்று கெஞ்சியும் நடக்கவில்லை. பொட்டலத்தைப் பிரித்து மேசையில் பரப்பிப் பார்த்தாள். ஒன்றுகூடத் தெரிந்த முகமாக இல்லை, வெளுத்த துண்டு, சுருண்ட தோல், எலிக் காது மாதிரி ஏதோ ஒன்று. நடுவில் மஞ்சளாக மெலிசாக ரெண்டு சீவல். முகர்ந்தாள், நாக்கில் வைத்தாள். அட, அதிமதுரம்! இருமலுக்கு வாயில் அடக்கிக்கொள்கிற நம்ம அதிமதுரம்! அயலூர்ச் சந்தையில் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி ஒரு சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தில், நம்ம சாமான் என்ன செய்யப் போகிறது என்று, லிட்டில் இந்தியா மளிகைக் கடையில் வாங்கி வைத்திருந்ததில் ஒரு கை அள்ளி அவளாகவே சட்டியில் போட்டாள். தண்ணீர் தித்தித்தது, பிள்ளை மடக்மடக்கென்று குடித்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு சட்டிக்கும் ஒரு கை. அதற்கப்புறம்தான் ஆஸ்பத்திரியில் பிரஷர் பார்த்த மிஸ்ஸி பட்டையை அவிழ்த்துத் திரும்பக் கட்டினாள், திரும்ப அவிழ்த்தாள், டாக்டரைக் கூப்பிட்டாள். ஏழு வயதுப் பிள்ளைக்குப் பிரஷர் ஏறியிருந்தது. அதற்கடுத்து சின்சேயிடம் போனபோதுதான் அந்த அதிசயம். மணிக்கட்டில் விரலை வைத்தவர் வைத்தபடி, "அதிமதுரம் எவ்வளவு போடுறே?" என்றார். லீலா உள்ளங்கையைக் குவித்துக் காட்டினாள். "இனிமே ஒரு துண்டுகூடக் கூடாது. நான் போடுறதையும் எடுத்துட்டேன்" என்று அதட்டலாகச் சொன்னார். நாடியைத் தொட்டே கண்டுபிடித்துவிட்டாரே, தெய்வமே என்று அன்றைக்குக் கும்பிடாத குறைதான். சட்டி மறுபடி கசந்தது, வைது வைது குடித்தாள் பிள்ளை. அத்தோடு விட்டதா? போன வாரம் கைப்பேசியில் யாரோ அனுப்பின ஒரு குரல்: சீன மருந்தில் ஒரு கொடி இருக்கிறதாம், அது கிட்னியைச் சத்தமில்லாமல் அரித்துவிடுமாம், தெரிகிறபோது ஒன்றும் மிஞ்சாதாம். பெயர் தெரியாத அத்தனை வேரில் அந்தக் கொடி எது? அந்தச் சுருண்ட தோலா? எலிக் காதா? ஓட்டை விழுந்த சல்லடையைக் காப்பாற்றுகிறேன் என்று, தான் பெத்த பிள்ளைக்குத் தன் கையாலேயே மிட்டாயும் காட்டி ஊட்டியிருந்தால்? மூணாவது குப்பி அதற்குத்தானே? வேறு எதற்கு? அரித்துவிட்டதா என்று பார்க்கத்தான். ஈ வந்து உட்கார்ந்துவிட்டது. கணுக்காலை அழுத்தினாள். குழி விழவில்லை.

"நம்பர் வந்துடுச்சு, என்னத்தப் பார்த்துக்கிட்டு இருக்க?" என்று தலைக்கு மேலே குரல். குணாளன்தான். சட்டை முதுகோடு ஒட்டி, கையில் சாவி, மூச்சு வாங்குகிறது. எங்கேயோ அடுத்த ஊரில் காரை விட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறான். சுவரில் நிஜமாகவே அவர்களுடைய நம்பர். வேண்டுதல் பலித்த லட்சணம், ரெண்டும் ஒரே நேரத்தில் வந்து நின்றது. லீலா எழுந்தாள். லோகிதா அப்பாவின் சுண்டு விரலைப் பிடித்துக்கொண்டு முன்னால் போனாள். உள்ளே டாக்டர் யாப், "சாப்டியா?" என்றார். "சாப்டேன். பசிக்குது" என்றாள் பிள்ளை. டாக்டர் சிரித்துவிட்டுத் திரையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். மேலே தள்ளினார், கீழே தள்ளினார், மறுபடி மேலே தள்ளினார். இப்படி எவ்வளவு நேரம் ஒரு மனுஷி ஒரு எழுத்தைப் பார்க்க முடியும்? நல்ல செய்தி என்றால் உடனே சொல்லியிருப்பார்களே. கெட்ட செய்தியைத்தான் எந்த முனையில் பிடித்துத் தூக்குவது என்று தேடுவார்கள். புருஷன் பக்கத்தில் இருக்கிறானே என்று ஒரு நினைப்பு வந்தது, இருந்தால் இருக்கட்டும் என்று அதன்மேலேயே இன்னொன்று வந்தது, அவள் முடிவு செய்வதற்குள் வாய் திறந்துகொண்டது. "டாக்டர், நான் சீன மருந்து கொடுத்தேன்." பிறகு நிறுத்த முடியவில்லை. சின்சே, மண்சட்டி, ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஒரு கை அதிமதுரம், எல்லாம் மலாயும் தமிழுமாகக் கொட்டியது. "கேட்டப்பல்லாம் இல்லன்னு பொய் சொன்னேன். இவருக்கும் தெரியாது. என்னை அப்புறம் என்ன வேணும்னாலும் சொல்லுங்க. பிள்ளைக்கு என்ன ஆச்சுன்னு மட்டும் மொதல்ல சொல்லிடுங்க." குணாளன் இருந்த பக்கம் அவள் திரும்பவே இல்லை. "மொதல்ல இனிப்பா இருந்துச்சு. இப்ப ரொம்பக் கசக்குது" என்று லோகிதா தன் பங்குக்குச் சேர்த்துக்கொண்டாள்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "ஒண்ணும் ஆகலை. மூத்திரத்துல புரதம் இல்ல. கிட்னி நல்லா வேலை செய்யுது, ஈரலும் நல்லா இருக்கு, பிரஷர் இறங்கிடுச்சு." மலாய்ச் சொற்கள் ஒவ்வொன்றாக வந்தன, லீலா ஒவ்வொன்றையும் பிடித்துப் பிடித்துத் தமிழில் வைத்துப் பார்த்தாள், எல்லாம் நல்ல சொற்களாகவே இருந்தன, நம்பிக்கை வரவில்லை. "நல்லாவா? கிட்னி நல்லாவா இருக்கு?" என்று திருப்பிக் கேட்டாள். "நல்லா இருக்கு" என்றார் டாக்டர் தமிழிலேயே. அப்புறம் லீலாவைத் தாண்டிக் குணாளனைப் பார்த்து, "நீங்க இன்னும் சொல்லலையா?" என்றார். குணாளன் தரையைப் பார்த்தான். என்ன சொல்லவில்லை? யார் சொல்லவில்லை? "பிரஷர் ஏறினதுக்கு மறுநாள் உங்க வீட்டுக்காரர் ஒரு பிளாஸ்டிக் பையோட வந்து நின்னார். ரோட்டுல நீங்க கொட்டினதை அள்ளிக்கிட்டு வந்திருந்தார். எங்க மருந்தாளர் ஒவ்வொண்ணாப் பிரிச்சுப் பார்த்துட்டு, பொட்டலத் தாள்ல இருந்த பேரைப் பார்த்து இவர் சொன்ன கடைக்கே போன் பண்ணி அந்தச் சின்சேகிட்ட பேர் எல்லாம் கேட்டார். கெட்ட வேர் எதுவும் இல்ல. ஆனா நான் ரெண்டு சீவல்தானே போட்டேன், இந்த ஒரு கை அதிமதுரம் எங்கேயிருந்து வந்துச்சுன்னு அவர் அங்கே கத்துறார். பிள்ளை இன்னும் மாத்திரை சாப்பிடுதுன்னு அவருக்கும் அப்பதான் தெரியும்." அதிமதுரம் அந்த மாத்திரையோடு சேர்ந்தால் உடம்பில் தண்ணீரைத் தேக்கும், பிரஷரை ஏற்றும், ஒரு நாள் விட்டுக் கொடுத்தாலும் அதன் வேலை மிஞ்சி நிற்கும், இன்னும் ஏறியிருந்தால் பிள்ளைக்கு வலிப்பே வந்திருக்கலாம் என்றார் டாக்டர், சிரிக்காமல்தான் சொன்னார். மூணாவது குப்பி ஈரலையும் ரத்தத்தில் இருக்கிற உப்புச் சத்தையும் பார்த்துக்கொண்டிருக்கத்தானாம். நிறுத்தச் சொன்னால் லீலா நிறுத்த மாட்டாள், யாருக்கும் தெரியாத வேறு இடம் தேடிப் போவாள் என்று குணாளன் சொன்னானாம். அதனால் கண்முன்னால் நடக்கட்டும் என்று விட்டுப் பிடித்தார்களாம். அப்படியென்றால் நாடி? அந்தத் தெய்வ நாடி? போன் போட்டுச் சொல்லிக்கொடுத்த நாடியா அது! லீலாவுக்குச் சிரிப்பு வந்தது, அதே வழியில் அழுகையும் வந்தது, ரெண்டும் இடித்துக்கொண்டு எதுவும் வெளியே வரவில்லை. ஒன்றோடொன்று சண்டை போடும் என்று அவள் நாள் பிரித்து வைத்திருந்த ரெண்டு மருந்தும் அவள் முதுகுக்குப் பின்னால் போனில் பேசிக்கொண்டிருந்திருக்கின்றன. "நோய் சட்டிக்குக் கேட்டதா, மாத்திரைக்குக் கேட்டதா, எனக்குத் தெரியாது, சின்சேக்கும் தெரியாது. எனக்கு மாத்திரை மேலதான் நம்பிக்கை. கொடுக்கணும்னு தோணினா அதையே கொடுங்க, புதுசா எதையும் சேர்க்காதீங்க, காய்ச்சல்னா நிறுத்திட்டு இங்க வாங்க. மாத்திரையை நான் சொல்லாம நிறுத்தக் கூடாது. இனிமே கேட்டா உண்மையைச் சொல்லணும், சரியா?" லீலா தலையாட்டினாள். இந்தத் தடவை தலை மேலும் கீழுமாக ஆடியது. துணுக்கு? ஊசி? வாயில் வராமல் கையால் இடுப்பைக் காட்டினாள். "இப்ப வேண்டாம்" என்றார் டாக்டர்.

கார் நிஜமாகவே அடுத்த ஊரில்தான் இருந்தது. வெயிலில் நடந்தார்கள், லோகிதா ஒவ்வொரு கடைப் பெயராகப் படித்துக்கொண்டே வந்தாள். ஏறிக் கதவைச் சாத்தினதும் லீலாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பயம் இருந்த இடமெல்லாம் காலியாகி, அங்கே கோபம் வந்து கால் நீட்டிப் படுத்துக்கொண்டது. "எத்தனை நாளா தெரியும்?" என்றாள். "மொத நாள்லேருந்து" என்றான் குணாளன், "அந்த வாசம் உன் சாம்பிராணிக்கு மசியுமா? தெரு முனையில பஸ்ஸைத் திருப்பும்போதே வருது." "அப்ப ஏன் சத்தம் போடல?" குணாளன் வண்டியைப் பின்னால் எடுத்தான். "போடணும்னுதான் வந்தேன். நீ சட்டிகிட்ட உக்காந்து பாட்டு முணுமுணுத்துக்கிட்டு இருந்த. ஆஸ்பத்திரியில துணுக்குன்னு கேட்டுட்டு வந்ததுலேருந்து நீ பேசக்கூட இல்ல, ஞாபகம் இருக்கா? அப்புறம் பிரஷர்னு சொன்னாங்க. தங்கச்சி நெனப்பு வந்துடுச்சு. அன்னிக்கு யாராச்சும் ஒருத்தர் டாக்டர்கிட்ட கொண்டுபோய்க் காட்டியிருந்தா..." லீலாவின் கோபத்துக்குக் கால் உடைந்தது. ஆனாலும் விட மனசில்லை. ஆறு மாசம் இந்த மனுஷனுக்குத் தெரியாது தெரியாது என்று செத்துப் பிழைத்திருக்கிறாளே, சும்மா விடுவதா? "கழிச்சுப் போட்டதைக் கையால அள்ளுனீங்களா? மிதிபடணும்னு போட்டது. நோயத் திரும்ப வீட்டுக்குக் கூட்டிக்கிட்டு வர்ற வேலையாங்க அது? யாராச்சும் செய்வாங்களா?" குணாளன் அவளைப் பார்க்காமல் கண்ணாடியைச் சரி செய்தான். "சும்மா அள்ளல லா. ரோட்டோரம் நின்னு பார்த்துக்கிட்டு இருந்தேன். குப்பை லாரி ஏறிப் போச்சு, ஸ்கூல் பஸ் ஏறிப் போச்சு, ரெண்டு மோட்டார் சைக்கிளும் போச்சு. எல்லாம் போனதுக்கு அப்புறம்தான் எடுத்தேன்." வேர் என்றாலே எழுந்து போகிறவன். விடியாத நேரத்தில் சீருடையோடு ரோட்டில் நின்று, பெண்டாட்டி போட்ட திப்பி மேல் வண்டி ஏறட்டும் என்று காத்துக்கொண்டிருந்திருக்கிறான். லீலா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு அழுதாள், நன்றாக, மூக்குச் சிந்தி, யாருக்கும் மறைக்காமல் அழுதாள். "அம்மா ஏன் அழுவுறாங்க?" என்று பின்னாலிருந்து கேட்டது. "பசியா இருக்கும்" என்றான் குணாளன். "நாளைக்கு மாத்திரை நாளா, சட்டி நாளா?" என்று லோகிதா கேட்டாள், அம்மா இத்தனை நாளும் ரகசியம் என்று சொல்லிவைத்திருந்ததைச் சத்தமாக, அப்பா எதிரிலேயே. "சட்டி" என்றாள் லீலா மூக்கைத் துடைத்துக்கொண்டு. குணாளன் ஏர்கான் காற்றை அவள் பக்கமாகத் திருப்பிவிட்டான். அந்தக் காற்று கண்ணில் பட்டதும் இமை கனத்தது. எத்தனை நாள் தூக்கம் பாக்கி, அத்தனையும் ஒரே நேரத்தில் வாசலில் வந்து நின்ற மாதிரி. நாளைக்குச் சட்டி கழுவ வேண்டும், சின்சேயிடம் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும், அவர் முகத்தில் எப்படி முழிப்பது, இனிமேல் சாம்பிராணி வேண்டாம், ஜன்னலைத் திறந்தே வைக்கலாம், மழைக்காலம் வருகிறதே, பள்ளியில் யாருக்காவது சளி இருக்கும், பிள்ளைக்கு ஒட்டிக்கொள்ளும், மறுபடி இமை வீங்கினால், மறுபடி நுரைத்தால், அப்ப என்ன செய்வது என்று ஆரம்பித்தாள். அப்ப என்பது வரைக்கும் வந்தாள், வாயைத் திறந்தபடி தூங்கிப்போனாள்.